கல்லடிப் பூரான்: அங்க அமைப்பும் வகைப்பாடும்

(நமது சங்கத்தின் டில்லி கிளையில், மூத்த உறுப்பினர்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் இதுவரை பேசியவர்கள் உயில் எழுதுவது, முழங்கால் வலி, வருமான வரிப் படிவம் என்று எல்லோருக்கும் உபயோகமான விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள். செயலாளர் என்னிடம், "ஸார், நீங்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று போனில் கேட்டபோது "பூரானைப் பற்றி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்றார். முன்னால்தான் நல்லது என்று இருவரும் முடிவு செய்தோம்.

நான் விஞ்ஞானி அல்ல. 1972-ல் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். பிறகு மத்திய அரசின் கணக்குத் துறையில் முப்பத்தாறு வருஷம். அங்கே நான் அறுத்துப் பார்த்ததெல்லாம் வவுச்சர்களைத்தான். ஆனாலும் கல்லூரியில் கரப்பானையும் மண்புழுவையும் மெழுகுத் தட்டில் குத்தி வைத்துப் பார்த்த அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. எண்பதுகளில் சிம்லாவில் நான்கு வருஷம் இருந்தபோது அது மறுபடி தலைதூக்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று நான் எடுத்துக் கொண்டது நம் குளியலறைச் சாக்கடைத் துவாரத்தில் எட்டிப் பார்க்கும் பூரான் அல்ல; அதன் ஒன்றுவிட்ட உறவு. ஆங்கிலத்தில் ஸ்டோன் சென்டிபீட் என்பார்கள். விஞ்ஞானப் பெயர் லித்தோபியஸ். கிரேக்க மொழியில் லித்தோஸ் என்றால் கல், பயோஸ் என்றால் வாழ்வு. கல்லுக்கடியிலும், உளுத்த மரத்தடியிலும், சருகுக் குப்பையிலும் வாழ்கிற சிறு பிராணி. தமிழில் இதற்கென்று தனிப்பெயர் நான் கேட்டதில்லை. கல்லடிப் பூரான் என்றே வைத்துக் கொள்வோம்.

நம்மில் பலர் பல ஊர்களில் இருந்தவர்கள். பூரானை ஹிந்தியில் கன்கஜூரா, மராத்தியில் கோம், தெலுங்கில் ஜெர்ரி, மலையாளத்தில் பழுதாரா என்பார்கள். ஸம்ஸ்கிருதத்தில் சதபதீ, அதாவது நூறு கால் உள்ளது. சுச்ருத ஸம்ஹிதையில் விஷங்களைச் சொல்லும் கல்ப ஸ்தானத்தில் சதபதீ எட்டு வகை என்று கணக்கு இருக்கிறது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பெரும்பாலும் நிறத்தை வைத்த பிரிவு. வைத்தியருக்கு அதுதான் சௌகரியம். கடிபட்டவனால் இருட்டில் பார்த்துச் சொல்ல முடிவது நிறத்தை மட்டும்தானே! இன்றைய வகைப்பாட்டில் நிறத்துக்கு மதிப்புக் குறைவு. கால் எத்தனை, மூச்சுத் துளை எங்கே, பல் எத்தனை, எந்தக் காலில் எத்தனை முள் என்று பார்க்கிறார்கள்.

கால் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். பெயர்தான் நூறு கால். சரியாக நூறு கால் உள்ள பூரான் இயல்பாகக் கிடையாது. காரணம் வேடிக்கையானது. வளர்ந்த பூரான்களில் கால் ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கிறது. 15 ஜோடி, 21 ஜோடி, 23 ஜோடி என்று. நூறு காலுக்கு 50 ஜோடி வேண்டும், அது இரட்டைப்படை.

பூரான் வகுப்புக்குக் கைலோபோடா என்று பெயர். இன்று உயிரோடு இருப்பவை ஐந்து வரிசைகள். முதலாவது, சுவரில் சிலந்தி மாதிரி நீளக் கால்களோடு சரசரவென்று ஓடும் ஸ்கூட்டிஜெரா. 15 ஜோடிக் கால். மற்ற எல்லாப் பூரான்களுக்கும் மூச்சுத் துளை விலாப் பக்கத்தில். இதற்கு மட்டும் முதுகில். இரண்டாவது, நம் கல்லடிப் பூரான். இதற்கும் 15 ஜோடி. மூன்றாவது வரிசையில் மொத்தமே இரண்டு இனங்கள்தான், ஒன்று டாஸ்மேனியாவில், ஒன்று நியூசிலாந்தில்; பெயர் கிராட்டெரோஸ்டிக்மஸ். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நான்காவது ஸ்கோலோபெண்ட்ரா வரிசை. நம் ஊரில் கடித்துக் கதறவைக்கும் பெரிய பூரான்கள் இந்த வகை; தென் ஜில்லாக்களில் செய்யான் என்பார்கள். 21 அல்லது 23 ஜோடி. 2008-ல் பிரேஸிலில் 39, 43 ஜோடிகள் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்து எல்லோரையும் அசர வைத்தார்கள். அதுவும் ஒற்றைப்படைதான்! ஐந்தாவது, மண்ணுக்குள் நூல் மாதிரி நெளியும் ஜியோஃபிலஸ் வகை. 27 ஜோடியிலிருந்து 191 ஜோடி வரை போகும்.

இப்போது கல்லடிப் பூரானைப் பார்ப்போம். ஐரோப்பாவில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது லித்தோபியஸ் ஃபார்ஃபிகேட்டஸ். தோட்டத்துப் பூந்தொட்டியை நகர்த்தினால் இங்கிலாந்தில் யாரும் பார்க்கலாம். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், பளபளப்பான செம்பழுப்பு நிறம். கப்பல் சரக்கோடு போய் வட அமெரிக்காவிலும் குடியேறிவிட்டது. நன்றாக ஆராயப்பட்ட இனம் என்பதால் இதையே உதாரணமாகக் கொள்கிறேன்.

தலை தட்டையானது, மேலிருந்து பார்த்தால் சின்னக் கேடயம் மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு உணர்கொம்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பதை ஒட்டிய கணுக்கள். தலையின் இரு பக்கமும் கண்கள். நம் கண் போலவோ ஈயின் கண் போலவோ அல்ல. கடுகு சிந்தியது மாதிரி சின்னச் சின்னப் புள்ளிக் கண்கள் ஒரு கொத்தாக இருக்கும். பிராணி வளர வளர இந்தப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். இத்தனை கண் இருந்தும் வெளிச்சம், இருட்டு தெரிவதற்கு மேல் பெரிய பார்வை இருப்பதாகத் தெரியவில்லை. நடமாட்டம் எல்லாம் கொம்பின் தயவில்தான்.

கண் கொத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவில் வட்டமாக ஒரு சிறு குழி. ஹங்கேரி நாட்டு டோமோஸ்வாரி 1880-களில் இதை விவரித்ததால் டோமோஸ்வாரி உறுப்பு என்றே பெயர். முப்பத்திரண்டு வயதுகூட நிறைவதற்கு முன் இறந்து போனவர் அவர். அது ஏதோ ஓர் உணர்வு உறுப்பு என்பது நிச்சயம். ஈரத்தை உணரவா, வாசனையை உணரவா, அதிர்வை உணரவா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நூற்று நாற்பது வருஷமாக!

அடுத்தது, பூரானைப் பூரானாக ஆக்கும் அங்கம். பூரான் கடிக்கிறது என்கிறோம். வாஸ்தவத்தில் அது பல்லால் கடிப்பதில்லை, காலால் கிள்ளுகிறது. தலைக்கு அடுத்த கண்டத்தின் ஜோடிக் கால்கள் தலைக்கடியில் மடங்கி, கூரிய நகம் உள்ள இடுக்கியாக மாறியிருக்கின்றன. அதற்குள் விஷச் சுரப்பி; நகத்தின் நுனிக்கு அருகே அதன் வாய். நடக்கும் கால் நாளடைவில் ஊசியாக மாறியது இந்த வகுப்பைத் தவிர வேறெங்கும் கிடையாது. கைலோபோடா என்ற பெயருக்கும் உதடாக மாறிய கால் என்பதுதான் அர்த்தம். நடக்கும் கால்களை எண்ணும்போது இந்த ஜோடியைச் சேர்ப்பதில்லை. இந்த இடுக்கியின் அடித்தட்டின் முன் விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. பெரும்பாலான லித்தோபியஸ் இனங்களில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஃபார்ஃபிகேட்டஸில் பக்கத்துக்கு ஐந்து, ஆறு என்று இருக்கும். இனம் கண்டுபிடிக்க முதலில் பார்ப்பது இதைத்தான்.

முதுகைப் பாருங்கள். 15 ஜோடிக் காலுக்கு 15 தகடுகள். ஆனால் ஒரே நீளம் இல்லை. நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறி மாறி வரும். 1, 3, 5, 7 நீளம். 2, 4, 6 குட்டை. அந்தக் கணக்குப்படி எட்டாவது குட்டையாக இருக்க வேண்டும். இல்லை, அதுவும் நீளம். ஏழும் எட்டும் அடுத்தடுத்து நீளமாக நிற்கும். அதன்பின் 9 குட்டை, 10 நீளம் என்று ஒழுங்கு தலைகீழாகத் தொடரும். ஏன் இப்படி? கணுக்காலிகளின் நடையையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக் கொண்ட ஸிட்னி மான்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நீளமான உடம்போடு வேகமாக ஓடினால் உடம்பு பாம்பு மாதிரி நெளியும். நெளிந்தால் கால்கள் ஒன்றோடொன்று இடறும். நீளத் தகடுகள் இடையிடையே வந்து அந்த நெளிவைக் கட்டுப்படுத்துகின்றன. ஓடாமல் மண்ணைத் துளைத்துப் போகும் ஜியோஃபிலஸில் இந்த நீளம், குட்டை ஏற்பாடு இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏன் அந்தத் திருப்பம் என்பதற்கு இது பதில் ஆகாது.

மூச்சுத் துளைகளும் இந்த ஒழுங்கை ஒட்டியே வருகின்றன. 3, 5, 8, 10, 12, 14 ஆகிய கண்டங்களில் பக்கத்துக்கு ஒன்று. அதாவது முதலாவதையும் ஏழாவதையும் விட்டால் நீளத் தகடு உள்ள இடமெல்லாம் துளை. இந்தத் துளைகளைப் பூச்சிகள் போல இறுக மூடிக்கொள்ள இவற்றால் முடியாது. தோலின் மேல் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற நல்ல மெழுகுப் பூச்சும் இல்லை. ஆகவே வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். கல்லுக்கடியில் இருப்பது பயத்தினால் அல்ல, ஈரத்துக்காக. நாம் கல்லைத் தூக்கியதும் அது பதறி ஓடுவது நம்மைக் கடிக்க அல்ல, அடுத்த ஈர மறைவைத் தேடித்தான்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குடியிருப்பில், பூங்காவில் யாரோ ஒரு பூரானைப் பார்த்தார்கள் என்று தோட்டம் முழுவதும் மருந்தடிக்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து விழுந்த ஓட்டு ஒன்றே ஒன்று, என்னுடையது. மருந்து அடித்தார்கள். அந்த மழைக்காலத்தில் மண்புழுவும் இல்லை, மின்மினியும் இல்லை. கரப்பான் மட்டும் எப்போதும் போல இருந்தது.

உடம்பின் பின்பகுதிக்கு வருவோம். கடைசி நான்கு ஜோடிக் கால்களின் அடிக்கணுவில் வரிசையாகச் சிறு துவாரங்கள் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச இவை உதவுகின்றன என்று ஒரு கட்சி. வாசனைப் பொருள் சுரக்க என்று இன்னொரு கட்சி. கடைசி ஜோடிக் கால் நடக்கவே உபயோகப்படுவதில்லை. பின்னால் இரண்டு கொம்பு போல நீட்டிக் கொண்டிருக்கும். பின்கால்களில் உள்ள சுரப்பிகளிலிருந்து பசை போன்ற ஒரு திரவம் வரும். துரத்தி வரும் எறும்பின் மேலோ சிலந்தியின் மேலோ அதை வீசினால் அதன் கால்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மசியாமல் எதிரி காலைப் பிடித்துக் கொண்டால், பிடிபட்ட காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். அடுத்தடுத்த தோலுரிப்பில் அந்தக் கால் மறுபடி முளைக்கும்.

சிம்லா விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன். அங்கே தேவதாரு மரங்களுக்கடியில் எப்போதும் ஈரமான சருகு மெத்தை இருக்கும். மலைச்சரிவைத் தாங்க, சிமென்ட் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு கிளம்பிவிடுவேன். ஒருநாள் எங்கள் ஆபீஸ் சப்ராசி நான் கல்லைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஸாப், கன்கஜூரா காதுக்குள் போய் மூளையைத் தின்றுவிடும்" என்றார். பெயரிலேயே 'கான்' இருப்பதால் வட இந்தியாவில் இந்த நம்பிக்கை பலமானது. காதில் எந்தப் பூச்சியும் தவறிப் புகலாம். ஆனால் மூளைக்குப் போகச் செவிப்பறை வழி விடாது. அன்று அவர் கையில் லென்ஸைக் கொடுத்து அந்தக் கண் கொத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் அவரே தீப்பெட்டியில் ஒன்றைப் பிடித்துக் கொண்டு வந்துவிட்டார்! அதன் கால்களை அவரையே எண்ண வைத்தேன். பதினைந்து ஜோடி, கண் கொத்து, காலில் முட்கள். ஆகவே லித்தோபியிடே குடும்பம். அதற்கு மேல் இனம் சொல்ல வேண்டுமானால் மைக்ராஸ்கோப்பும் ஐரோப்பிய நூல்களும் வேண்டும்.

இந்தக் குடும்பம், இனம் என்பதெல்லாம் எப்படி வந்தது? 1758-ல் லின்னேயஸ் எல்லாப் பூரான்களையும் ஸ்கோலோபெண்ட்ரா என்ற ஒரே பையில் போட்டார். நம் ஃபார்ஃபிகேட்டஸும் அதற்குள்தான் இருந்தது. 1814-ல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த லீச் என்பவர் லித்தோபியஸைத் தனியாகப் பிரித்தார். 1844-ல் ஜார்ஜ் நியூபோர்ட் அதற்கு லித்தோபியிடே என்று ஒரு குடும்பமே வகுத்தார். இந்த நியூபோர்ட்டின் கதை சுவாரசியமானது. கான்டர்பரியில் வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். தானும் அதே தொழிலில் பயிற்சி எடுத்தவர். பிறகு வைத்தியம் படித்து, பூச்சிகளின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து, ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார். வங்காளப் பீரங்கிப் படையில் ஜெனரலாக இருந்த ஹார்ட்விக் இந்தியாவில் சேகரித்த பிராணிகள் லண்டனுக்குப் போயின. கறுப்பும் ஆரஞ்சுமாகப் புலிப்பட்டை போட்ட நம் நாட்டுப் பூரானுக்கு ஸ்கோலோபெண்ட்ரா ஹார்ட்விக்கி என்று பெயர் சூட்டியவரும் நியூபோர்ட்தான்.

கல்லடிப் பூரான்களுக்கு லித்தோபியோமார்ஃபா என்று தனி வரிசை அமைத்தவர் போகாக், 1895-ல். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் பற்றிய நூல் வரிசையில் சிலந்தி, தேள் பற்றி 1900-ல் எழுதிய அதே போகாக். பின்னாளில் மிருகங்களின் பக்கம் போய், புலியைப் பாந்தெரா என்ற பேரினத்தில் சேர்த்தவரும் அவரே. ஒரே மனிதர் பூரானின் முள்ளையும் எண்ணினார், புலியின் மண்டையோட்டையும் அளந்தார்.

இன்று இந்த வரிசையில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. இரண்டே குடும்பங்கள். லித்தோபியிடே பெரும்பாலும் பூமியின் வடபாதியில். நம் இமயமலைத் தொடரில் இருப்பவை இவைதான். ஹெனிகோபிடே பெரும்பாலும் தென்பாதியில்; 1901-ல் போகாக் வகுத்தது. ஹெனிகோபிடேயில் கண் கொத்து கிடையாது. பக்கத்துக்கு ஒரே ஒரு கண் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அதில் ஒரு பிரிவுக்கு முதல் கண்டத்திலும் மூச்சுத் துளை உண்டு. கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. குகைக்குள் வாழும் சில லித்தோபியிடே இனங்களுக்குக் கண்ணே இல்லை. ஆகவே கால் முட்களையும் பார்க்க வேண்டும்.

இந்த முள் கணக்கு இருக்கிறதே, அது என் போன்ற கணக்குத் துறை ஆசாமிக்கு அல்வா மாதிரி. ஒவ்வொரு காலுக்கும் ஐந்து கணுக்களில் மேலும் கீழும் அசையும் முட்கள் இருக்கலாம். ஒரு கணுவில் முன், நடு, பின் என்று மூன்று இடங்கள். இதை 15 வரிசை, 10 பத்தி உள்ள ஓர் அட்டவணையாகப் போட்டு, முள் இருக்கிற இடத்தில் எழுத்துக் குறி, இல்லாத இடத்தில் கோடு என்று நிரப்புகிறார்கள். இனத்துக்கு இனம் அட்டவணை மாறும். நிபுணர்கள் பல வருஷம் இதை வைத்தே புதுப் புது இனங்களை அறிவித்தார்கள். சங்கடம் எங்கே வந்தது என்றால், ஒரே பிராணியின் இடது காலும் வலது காலும் ஒத்துப் போகாமல் இருக்கலாம். வயதுக்கு ஏற்ப முள் கூடும். உதிர்ந்து முளைத்த காலில் பழையபடி எல்லாம் அமையும் என்று உத்தரவாதம் இல்லை. ஒற்றை ஸ்பெசிமனை வைத்துப் புது இனம் என்று முத்திரை குத்துவது, ஒரு மாத வவுச்சரை வைத்து வருஷக் கணக்கை முடிப்பது போல. அப்படிக் குத்திய பெயர்களில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

இப்போது ஜீன் பரிசோதனை வந்திருக்கிறது. 2013-ல் குரோஷியாவில் க்னின் நகரத்துக்கு அருகே ஒரு குகையில் கிடைத்த யூபோலிபோத்ரஸ் கேவர்னிகோலஸ் என்ற கல்லடிப் பூரானை விவரித்தபோது, முள், பல் கணக்கோடு அதன் மரபணுச் செய்திகளையும், உடம்பை வெட்டாமலேயே எடுத்த முப்பரிமாண ஸ்கேன் படங்களையும் சேர்த்தே வெளியிட்டார்கள். இதெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு புதிய பிராணியை அறிவித்தது அதுவே முதல் தடவை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கல்லடிப் பூரானில் ஆண், பெண் நேரடிச் சேர்க்கை இல்லை. ஆண் ஒரு சிறு வலை பின்னி அதன் மேல் விந்துப் பொட்டலத்தை வைக்கும். பெண் வந்து எடுத்துக் கொள்ளும். முட்டை ஒவ்வொன்றாகத்தான் வரும். பெண்ணின் பின்முனையில் நகத்தோடும் முட்களோடும் ஒரு சின்ன இடுக்கி உண்டு. முட்டையை அதில் பிடித்துக் கொண்டு மண்ணில் உருட்டி உருட்டி, மேலே மண் பூச்சு ஏறியதும் போட்டுவிட்டுப் போய்விடும். நாம் கொழுக்கட்டையை மாவில் புரட்டுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவுதான் தாயின் கடமை. அதிலிருந்து வரும் குஞ்சுக்கு ஏழு ஜோடிக் கால்தான் இருக்கும். தோலுரிக்க உரிக்க 8, 10, 12 என்று கூடி 15 ஆகும். ஏழில் தொடங்குகிறது பாருங்கள். முதுகுத் தகட்டில் ஒழுங்கு மாறுவதும் ஏழுக்குப் பிறகுதான். அந்தத் திருப்பத்தின் ரகசியம் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வளர்ந்த பிறகு ஐந்து, ஆறு வருஷம்கூட உயிரோடு இருக்கும்.

இதற்கு நேர்மாறு பெரிய பூரான். நாம் கொடூரம் என்று செருப்பால் அடிக்கும் ஸ்கோலோபெண்ட்ரா தாய், முட்டைகளைச் சுற்றி உடம்பை வளைத்துக் கொண்டு வாரக்கணக்கில் காவல் காக்கும். நக்கிச் சுத்தம் செய்யும். குஞ்சுகள் தேறும் வரை விலகாது. ஜியோஃபிலஸும் காக்கும். நான் ஞாபகம் வைக்கச் சொன்ன டாஸ்மேனியா, நியூசிலாந்து கிராட்டெரோஸ்டிக்மஸும் காக்கும். ஸ்கூட்டிஜெராவும் கல்லடிப் பூரானும் காப்பதில்லை.

இங்கேதான் வகைப்பாட்டில் பெரிய சண்டை. உடலமைப்பைப் பார்த்தவர்கள், தாய் காவல் காக்கும் மூன்று வரிசைகளையும் ஒரே கிளையில் வைத்தார்கள். தாய்மை ஒரு முறை தோன்றியது, மூன்றுக்கும் பரம்பரையாக வந்தது என்று. சுலபமான கதை. ஆனால் 2014 முதல் ஏராளமான ஜீன்களை ஒப்பிட்டுப் பார்த்த சில ஆய்வுகளில் வேறு மாதிரி வந்தது. கிராட்டெரோஸ்டிக்மஸ் முன்னதாகவே தனியாகப் பிரிந்துவிட்டது. கல்லடிப் பூரான்தான் ஸ்கோலோபெண்ட்ராவுக்கு நெருங்கிய உறவு என்று. அது சரியானால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். காவல் காக்கும் குணம் இரு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். அல்லது கல்லடிப் பூரானின் மூதாதைத் தாய் காவல் காத்தவள், இவள் அதை விட்டுவிட்டாள். இங்கிலாந்தில் நாற்பத்திரண்டு கோடி வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த வயதுள்ள பூரான் கால் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. அத்தனை பழைய குடும்பத்தில் யார் யாருக்கு மூத்தவர் என்று தீர்மானிப்பது லேசான காரியம் இல்லை. நான் படித்த வரையில் வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் நாட்டில் இந்தப் படிப்பு எப்படி இருக்கிறது என்றால், பெரிய பூரானைப் பற்றி நல்ல வேலை நடந்திருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-லிருந்து கல்கத்தாவில் இருக்கிறது. 1966-ல் ஜங்கி அவர்கள் இந்திய ஸ்கோலோபெண்ட்ராவின் அங்க அமைப்பை முழுதாக எழுதி ஒரு நூலே வெளியிட்டார். சமீப காலத்தில் ஜாஹ்னவி ஜோஷி மேற்குத் தொடர்ச்சி மலைப் பூரான்களின் பூர்வீகத்தை ஜீன்கள் மூலம் ஆராய்ந்திருக்கிறார். ஆனால் இமயமலையின் கல்லடிப் பூரான்களைப் பற்றிய ஆதாரக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்கள் எழுதியவை. பல மூல ஸ்பெசிமன்கள் அங்கேதான் பாட்டிலில் இருக்கின்றன. சிம்லாக் கல்லுக்கடியில் ஓடுவது எது என்று அறிய ஐரோப்பாவுக்குக் கடிதம் போட வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது. முள் அட்டவணை போடும் பொறுமை உள்ள இளைஞர்கள் நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. எம்.எஸ்ஸி. விலங்கியல் என்றால் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள், அதுதான் விஷயம்.

முன்வரிசையில் மாமி ஒருவர் கடியைப் பற்றிக் கேட்கக் கை தூக்குகிறார். கல்லடிப் பூரான் கடித்தால் சின்ன முள் குத்தியது போலத்தான். பல சமயம் நம் தோலில் ஏறவே ஏறாது. பெரிய பூரான் கடித்தால் வலி பொறுக்க முடியாது. சோப்புப் போட்டுக் கழுவி, சூடு தாங்குகிற வெந்நீரில் கொஞ்ச நேரம் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும். மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளுக்கு என்றால் எப்படியும் காட்டிவிடுங்கள்.

மேஜை மேல் இரண்டு லென்ஸும், ஃபார்ஃபிகேட்டஸின் தலையை அடியிலிருந்து பெரிதாக்கிய படமும் வைத்திருக்கிறேன். இடுக்கியின் முன் விளிம்பில் பற்கள் தெரியும். ஒரு பக்கம் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மற்ற கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.